ஒரு மீற்றர் அறுபத்திரண்டு

எங்கள் வீட்டில் பழைய பேப்பருக்கு இருந்த மரியாதை எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. வியாழக்கிழமை பின்னேரம் நான் குசினி மேசையைத் துடைத்து முடிக்கவும் கோபாலசிங்கம் வந்து அதன்மேல் பேப்பரை விரிக்கவும் சரியாக இருக்கும். மஞ்சள் பிடித்து, மடிப்பெல்லாம் கிழிந்து, வினாகிரி மணக்கும் பேப்பர்.

"அண்ணை, இந்த மேசையிலைதான் நாங்கள் சோறு தின்னுறது!"

"ஓம் தங்கச்சி, ஒரு நிமிசம். ஒரு மாடு கடலுக்கை இறங்கிப் போட்டுது."

அவ்வளவுதான். என் புருசன் பீலிக்ஸ் கதிரையை இழுத்துப் போடுவார். கீழ் மாடியில் இருந்த பேனாட் மணந்து பிடித்ததுபோல ஏறி வருவான். திட்ட வந்த நான் ஈரத்துணியோடு நின்றபடியே கேட்பேன். எனக்கு வருகிற விசருக்கு அந்தப் பேப்பரை அடுப்பில் போட்டிருக்க வேண்டும். ஆனால் மாட்டுக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் எப்படிப் போடுவது?

பலெர்மோவில், கபோ சந்தைக்குப் பின்பக்கமாக, மூன்றாம் மாடியில் இருந்தோம். நானும் பீலிக்சும் மன்னார். தொண்ணூறாம் ஆண்டு அரசாங்கம் பேப்பர் இல்லாத வெளிநாட்டுக்காரருக்கெல்லாம் மன்னிப்புக் கொடுத்தபோது எங்களுக்குப் பெர்மெசோ, அதாவது தங்குகிற அனுமதி, கிடைத்தது. அந்த மன்னிப்புக்கு இத்தாலிக்காரர் சொல்வது சனத்தோரியா. எங்கள் ஆட்களுக்கு இத்தாலியில் 'அம்மா' என்று சொல்லத் தெரியாவிட்டாலும் இந்தச் சொல் தெரியும். கோபாலசிங்கம் யாழ்ப்பாணத்துக் கோப்பாய்க்காரர். ஊரில் சங்கக்கடை மனேஜர். அவர் வந்து இறங்கியது தொண்ணூற்றொன்றில். வாசல் சாத்திய பிறகு வந்து சேர்ந்த மனிதர். எங்கள் வீட்டுச் சின்ன அறையில் குடியிருந்தார்.

ஆள் கட்டை. அதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஊருக்கு அனுப்புகிற படம் ஒவ்வொன்றிலும் ஒரு படியில் ஏறி நிற்பார். பெரிய கோவிலடிப் படி, கடற்கரைப் படி, எங்கள் வீட்டு மாடிப்படி. கோப்பாயில் மனைவி யோகாம்பாள் இருந்தா. அவர் வெளிக்கிடும்போது அவவுக்கு வயிற்றில் பிள்ளை. அவர் இங்கே வந்த பிறகுதான் மகள் கேசிகா பிறந்தாள். தகப்பனைத் தெரியாது, படியில் நிற்கிற படங்களைத்தான் தெரியும். பெர்மெசோ இல்லாதவன் இந்த நாட்டை விட்டுப் போகலாம், திரும்பி வர முடியாது. குடும்பத்தைக் கூப்பிடவும் முடியாது. ஆகவே அந்த மனிதர் பிள்ளையைக் காண்பதற்கு ஒரே வழி, எங்களுக்குத் திறந்த வாசல் இன்னொரு தரம் திறப்பது.

வேலை மொண்டெல்லோவில், கடலைப் பார்த்த ஒரு பெரிய வீட்டில். வீட்டுக்காரி ஒரு மருந்துக்கடைக்காரரின் விதவை; சிஞ்ஞோரா, அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவார். வீடு முழுக்கக் கண்ணாடி யன்னல். உப்புக்காற்று படிந்து கண்ணாடி மங்கிப்போகும், அதை வினாகிரி தெளித்துப் பேப்பரால் தேய்த்துத் துடைக்க வேண்டும். செத்துப்போன மருந்துக்கடைக்காரர் வாழ்நாளில் ஒரு பேப்பரையும் எறியாதவர். கார்க் கொட்டில் நிறைய அடுக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். சிஞ்ஞோரா அந்தக் கும்பத்தைக் காட்டி, "முடியும்வரை துடை" என்று சொல்லிவிட்டா.

துடைக்க முன் தலைப்பை வாசிப்பார். அப்படி வாசித்தே இத்தாலி மொழி படித்தார். அதனால் வந்த வினை, அவர் பேச்சில் வினைச்சொல்லே கிடையாது! தலைப்பில் எங்கே வினைச்சொல் போடுகிறார்கள்? கபோ சந்தையில் தக்காளிக்காரனுக்கு முன்னால் நின்று, "தக்காளி: விலை உச்சம், குடும்பங்கள் கவலையில்" என்பார். தக்காளிக்காரன் வயிற்றைப் பிடித்துச் சிரித்து, ஒரு பிடி வாசனை இலையைச் சும்மா போட்டுவிடுவான். ஒரு நாள் காய்ச்சலோடு வேலைக்குப் போய்ச் சிஞ்ஞோராவிடம், "கோபால்: உடல்நிலை மோசம், யன்னல்கள் நாளை" என்றாராம். நான் வருசக்கணக்காக வாய் கிழியப் பழகிய மொழி. அந்த மனிதருக்கு நாலு சொல்லில் காரியம் முடிந்தது.

வியாழன் பின்னேரம் வீட்டு வேலைக்காரருக்கெல்லாம் விடுமுறை. அப்போதுதான் எங்கள் மேசைக்கு அந்த மாடு வந்தது. தலைப்பை முதலில் இத்தாலியில் வாசிப்பார், பிறகு தமிழில். 'மொண்டெல்லோ கடலில் மாடு: குளித்தவர்கள் ஓட்டம்.' வாசித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைப்பார். அதுதான் அவருடைய சட்டம். கீழே எழுதியிருப்பதை வாசிக்கக் கூடாது.

"ஏன் அண்ணை, கீழைதானே விசயம் இருக்கு?" என்று பேனாட் கேட்டான்.

"கீழை நடந்தது இருக்கு. அது முடிஞ்ச கதை. அதுக்குப் பிறகு என்ன நடந்ததெண்டு எந்தப் பேப்பர்காரன் எழுதுறான்?"

"சரி, பிறகு?"

"பிறகு மாடு வீட்டை போய்ப் பால் குடுத்துது. பால் உப்பு. சீஸ் செய்யிறவன் நாக்கிலை வைச்சுப் பாத்திட்டு, இனி உப்புப் போடத் தேவையில்லையெண்டு துள்ளினான். அடுத்த நாள் அயலிலை உள்ள மாடெல்லாம் கடலுக்கை. ஓகஸ்ட் மாசம் உடுப்பு மாத்திற கொட்டில் முழுக்க மாடு பிடிச்சிட்டுது. சிஞ்ஞோராமார் ஊர்வலம் போச்சினம்."

"பிறகு?" இது பீலிக்ஸ். கோவிலில் பூசை முடிந்தால்கூட வாய் திறக்காத மனிதர்.

"பிறகென்ன, ஒரு கெட்டிக்காரச் சிஞ்ஞோரா கழுத்திலை மணியைக் கட்டிக்கொண்டு வரிசையிலை நிண்டா. அவவுக்குக் கொட்டில் கிடைச்சுது."

இன்னொரு கிழமை, கலியாண பஸ் ஒன்று வழிமாறிச் சியாகுல்லித் தோட்டத்துக்குள் போன தலைப்பு. மண்டரின் தோடம்பழம் ஆயும் காலம். தோட்டக்காரன் பட்டுச்சட்டையோடு இறங்கியவர்களைக் கூலிக்கு வந்த ஆட்கள் என்று நினைத்து ஆளுக்கொரு கடகம் கொடுத்துவிட்டானாம். மாப்பிள்ளையின் சித்தப்பன் ஒரு வக்கீல், அந்த ஆள் ஆயிற வேகத்தைப் பார்த்து அவனையே மேற்பார்வைக்கு வைத்துவிட்டார்களாம். பேனாட் அப்போது சியாகுல்லியில்தான் மண்டரின் ஆயப் போய்க்கொண்டிருந்தான். முகம் சுருங்கிவிட்டது. "அப்ப என்ரை வேலை?" என்று கேட்டான். உண்மையாகவே கேட்டான். நான் சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டுக்காரி விளக்குமாற்றால் முகட்டில் குத்தினாள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாசி மாதம் அவர் கொண்டுவந்த பேப்பர் பழசல்ல. கார்க் கொட்டில் கும்பம் ஈரத்தில் ஒட்டிப்போனதால், சிஞ்ஞோரா வாசித்து முடித்த முந்தின கிழமைப் பேப்பரை எடுத்துத் துடைத்திருக்கிறார். பாதி துடைத்த பிறகுதான் தலைப்பு கண்ணில் பட்டிருக்கிறது. கீழ்ப்பாதி கண்ணாடியோடு கரைந்து போய்விட்டது. மேல்பாதியை நெஞ்சுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்து, மேசையில் விரித்தார்.

"சனத்தோரியா பெர் லி அபுசீவி: கோர்சா அல் கொமூனே."

சனத்தோரியா எல்லாருக்கும் தெரிந்த சொல். அபுசீவி அதைவிட நன்றாகத் தெரியும். அனுமதி இல்லாமல் தெருவில் மாலை, சிகரெட் லைட்டர் விற்கிற எங்கள் பொடியன்களைப் பொலிஸ் துரத்தும்போது கத்துகிற சொல் அது. பேப்பர் இல்லாதவன் என்று அர்த்தம். கொமூனே என்றால் நகரசபை. 'பேப்பர் இல்லாதவர்களுக்குப் பொதுமன்னிப்பு: நகரசபைக்கு ஓட்டம்.' இதில் என்ன சந்தேகம்?

பழக்கத்தில் பீலிக்ஸ் கேட்டார். "பிறகு?"

கோபாலசிங்கம் பகிடி விடவில்லை. "பிறகு யோகாம்பாள் வருவா. பிள்ளையும் வரும்" என்றார்.

அடுத்த நாள் விடிய என்னைக் கூட்டிக்கொண்டு ஓடினார். அவருக்குப் பேச்சு வராது என்பதால் நான். போய்ப் பார்த்தால் நகரசபைக் கந்தோர் வாசலில் கூட்டம் தெருவரை நிற்கிறது. ஆனால் முழுக்க இத்தாலிக்காரர். எங்கள் தலை ஒன்றுகூட இல்லை. ஆளுக்கொரு சுருட்டிய பெரிய தாள், சிலர் பக்கத்தில் கண்ணாடி போட்ட எழுத்தர் மாதிரி ஒருவர்.

"அண்ணை, இதென்ன எல்லாம் வெள்ளை?"

"முதலாளிமார், தங்கச்சி. தங்கடை வேலைக்காரருக்குப் பதிய வந்திருக்கினம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை முதலாளிமாருக்கும் ஒரே நாளில் நல்ல புத்தி வந்ததே என்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

வரிசை நகர்ந்து முன்னுக்கு வந்தோம். யன்னலுக்குப் பின்னால் இருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை. குனிந்தபடியே கேட்டார், குனிந்தபடியே எழுதினார்.

"எத்தனை மீற்றர்?"

"என்னவாம்?" என்றார் கோபாலசிங்கம்.

"எத்தனை மீற்றர் எண்டு கேக்கிறார்."

அண்ணை குதிக்காலைச் சேர்த்து நிமிர்ந்து நின்றார். "ஒன்று அறுபத்திரண்டு."

"நூற்று அறுபத்திரண்டு" என்று சொல்லி அவர் எழுதினார். சென்ரிமீற்றர் கணக்கில் சரிதானே? எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

"எத்தனை மாடி?"

"மூன்று" என்று நானே சொன்னேன். எங்கள் வீட்டு மாடி எனக்குத் தெரியாதா?

"உள்ளே யாராவது இருக்கிறார்களா?"

இதைக் கேட்டு நான் கொஞ்சம் திகைத்தேன். "அண்ணை, உள்ளுக்கை ஆர் இருக்கினமாம்."

அவர் நெஞ்சில் கையை வைத்தார். "யோகாம்பாளும் பிள்ளையும் எண்டு சொல்லு."

"மனைவியும் ஒரு மகளும்" என்று சொன்னேன். அந்த மனிதர் 'குடும்பம்' என்று எழுதினார். சொல்லக் கூடாது, இத்தாலிக்காரருக்கு ஈரம் இருக்கிறது, கந்தோரிலும் நெஞ்சைத் தொட்டுக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன்.

"எந்த ஆண்டு?"

"ஐம்பத்தெட்டு."

அவர் பேனையை வைத்துவிட்டு முதன்முதலாக எங்களை நிமிர்ந்து பார்த்தார். "ஐம்பத்தெட்டா? அறுபத்தேழுக்கு முந்தியதற்கு இதொன்றும் தேவையில்லையே! யார் உங்களை இங்கே நிற்கச் சொன்னது? வீட்டுக்குப் போங்கள். யாரும் தொட முடியாது. அடுத்த ஆள்!"

எழுதிய தாளைக் கிழித்துக் கூடைக்குள் போட்டார்.

பின்னாளில் எல்லாரும் என்னைத்தான் குற்றம் சொன்னார்கள். நான் மொழிபெயர்த்ததில் ஒரு சொல் பிழை காட்டட்டும் பார்ப்போம்! இத்தாலி மொழியில் 'அவர்' என்றும் சொல்லாமல் 'அது' என்றும் சொல்லாமல் ஒரு வசனத்தை முழுதாக முடிக்கலாம். அவன் கேட்டது ஆளைப் பற்றியா வேறு எதையாவது பற்றியா என்று எனக்கெப்படித் தெரியும்? அவன் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வெளியே வந்து கோபாலசிங்கம் நடுத்தெருவில் என் கையைப் பிடித்து ஆட்டினார். அறுபத்தேழாம் ஆண்டுக்கு முன் பிறந்தவனுக்குப் பேப்பரே வேண்டாம், யாரும் தொட முடியாது! பின்னேரத்துக்குள் கபோ முழுக்கக் கதை பரவிவிட்டது. எங்கள் மாடிப்படியில் சனம். எல்லாரும் பிறந்த வருசம் சொல்லிக்கொண்டு நின்றார்கள். இளம் பொடியன்கள் முகத்தைத் தொங்கப் போட்டார்கள். பேனாட் தலையில் அடித்துக்கொண்டான். "அறுபத்தொண்டிலை பிறந்த என்னைப் பாஸ்போட்டிலை எழுபதாக்கிப் போட்டான் அந்த ஏசன்சிக்காரன்! வயசு குறைஞ்சால் நல்லதெண்டு நானும் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்திட்டன்!" பீலிக்சுக்கு எப்போதோ பெர்மெசோ கிடைத்துவிட்டது, ஆனாலும் தான் அறுபதில் பிறந்தவன் என்று நாலு பேருக்குச் சொல்லி நெஞ்சை நிமிர்த்தினார். நான் நண்டு வாங்கிக் கறி வைத்தேன்.

கோபாலசிங்கம் ஈஸ்ரருக்குக் கொழும்புக்குப் போவதென்று முடிவெடுத்தார். யோகாம்பாளையும் பிள்ளையையும் அங்கே வரச் சொல்லி, கண்டு, ஒரு மாதம் இருந்து திரும்பி வருவது. யாரும் தொட முடியாத ஆளுக்கு என்ன பயம்? பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கி வந்தார். அளவு தெரியாததால் மூன்று அளவில் மூன்று சோடி.

லீவு கேட்கச் சிஞ்ஞோராவிடம் போனார். அன்று நடந்ததை அவர் வாயால்தான் கேட்டேன். "கோபால்: ஐம்பத்தெட்டு. அறுபத்தேழுக்கு முன். யாரும் தொட முடியாது. ஈஸ்ரர்: கொழும்பு" என்று சொன்னாராம். சிஞ்ஞோராவுக்கு விளங்கவில்லை. பேப்பரை எடுத்துக் காட்டினார். சிஞ்ஞோரா பார்த்துவிட்டு மெல்லக் கதிரையில் இருந்துவிட்டா.

"கோபால், இது வீடுகளுக்கு."

அனுமதி எடுக்காமல் கட்டிய வீட்டுக்கும் அபுசீவோ என்றுதான் பெயராம். கட்டியவர்கள் நகரசபைக்குப் போய்ப் பதிந்தால் வீட்டுக்கு மன்னிப்பு. அதுதான் அந்த மீற்றர், அந்த மாடி, அந்த ஆண்டு. அறுபத்தேழுக்கு முன் எழும்பிய வீட்டுக்குப் பிரச்சினை இல்லை. மனிதருக்கு அப்படியொன்றும் வரவில்லை.

"சிஞ்ஞோராவுக்கு எப்பிடி இவ்வளவும் தெரியும்?" என்று நான் கேட்டேன்.

"அவவும் அந்த வரிசையிலை நிண்டவ, தங்கச்சி. அந்த வீடும் எழுபத்தொண்டிலை அனுமதி இல்லாமல் கட்டினதாம். நாலு வருசமாய் ஒரு பேப்பரில்லாத ஆள் ஒரு பேப்பரில்லாத வீட்டைத் துடைச்சுக்கொண்டிருந்திருக்கு." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "போயிருந்தனெண்டால் திரும்பி வந்திருக்கேலாது. எல்லாம் முடிஞ்சிருக்கும்."

சப்பாத்துகளை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆனால் எங்கள் சனத்தைப் பற்றித் தெரியாதா? சந்தையில் கண்டால், "அண்ணை, எத்தனை மாடி?" கோவிலடியில் கண்டால், "அண்ணை, கூரை போட்டாச்சோ?" பேனாட், தனக்கு ஒன்பது வயது குறைந்ததில் இனி நட்டமில்லை என்ற சந்தோசப் புளுகத்தில், "சுவருக்கு வெள்ளை அடிக்கேல்லையோ?" என்று கேட்டான். அவனை மட்டும் நான் அகப்பையோடு துரத்தினேன். கோபாலசிங்கம் பேப்பர் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார். வியாழக்கிழமைகளில் என் மேசை பளிச்சென்று கிடந்தது. யாருக்கு வேண்டும் அந்தப் பளிச்சு? பீலிக்ஸ் கதிரையை இழுத்துப் போட்டு, கொஞ்ச நேரம் இருந்து, எழும்பிப் போவார். எனக்கு அந்த மாட்டின் மேலேயே ஆசை வந்துவிட்டது.

ஐப்பசி முடிகிற நேரம் ரேடியோவில் அந்தச் செய்தி வந்தது. ஆமி நெருங்குகிறதென்று யாழ்ப்பாணச் சனம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டு நடக்கிறது, மழைக்குள், பிள்ளைகளையும் கிழடுகளையும் தூக்கிக்கொண்டு. கோப்பாயில் ஆளில்லை. யோகாம்பாளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கேட்க ஒரு ரெலிபோன் இல்லை. கோபாலசிங்கம் வேலைக்குப் போனார், வந்தார், சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பினார். ஒரு வியாழன் பேப்பர்த் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்பக்கத்து மூலை, ஐந்து வரி. 'இலங்கை: ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றம்.'

பீலிக்சுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பழக்கதோசம். "பிறகு?" என்று கேட்டுவிட்டுத் தன் வாயைத் தானே பொத்தினார்.

"தெரியாது" என்றார் கோபாலசிங்கம்.

'பிறகு?' என்று நாங்கள் கேட்டு அந்த மனிதர் 'தெரியாது' என்று சொன்னது அன்றைக்குத்தான்.

கார்த்திகை மாதம் ஒரு முழுப் பேப்பரோடு வந்தார். துண்டல்ல, வினாகிரி படாத, அன்றைய பேப்பர். மேசையில் விரிக்காமல் என் கையில் தந்தார்.

"சனத்தோரியா, தங்கச்சி. ஆக்களுக்கு."

"எத்தனை மாடியாம்?" என்றேன். வாயில் வந்துவிட்டது.

அவர் கோபிக்கவில்லை. "கீழையும் வாசிச்சனான். அகராதி வைச்சுக்கொண்டு கடைசி வரைக்கும் வாசிச்சனான். பக்கத்திலை இருக்கிற மெத்தை விளம்பரத்தையும் விடேல்லை. வெளிநாட்டுக்காரருக்குத்தான். வேலைக்கு வைச்சிருக்கிறவை வந்து கையெழுத்துப் போட வேணும்."

கையெழுத்து. அங்கேதான் எல்லாருக்கும் இடறியது. கையெழுத்துப் போட்டால் இவ்வளவு காலமும் பதியாமல் வேலை வாங்கினோம் என்று தாங்களே சொல்வதாகிவிடும் என்று பல சிஞ்ஞோராமார் பயந்தார்கள். சிலர் வேலையை விட்டே நிறுத்தினார்கள். கோபாலசிங்கத்தின் சிஞ்ஞோரா என்ன சொல்வாவோ தெரியாது. ஓம் என்று சொல்லாவிட்டால், யோகாம்பாளும் பிள்ளையும் எந்த மரத்தின் கீழ் இருந்தாலும் அங்கேயேதான்.

"தங்கச்சி, எனக்கு ஒரு வினைச்சொல் வேணும்" என்றார்.

"என்ன?"

"இதைத் தலைப்பிலை கேக்கேலாது. முழு வசனத்திலை கேக்க வேணும்."

சோறு வடித்தபடி சொல்லிக் கொடுத்தேன். 'சிஞ்ஞோரா, நான் என் மனைவியையும் மகளையும் இங்கே கூப்பிட விரும்புகிறேன். நீங்கள் எனக்காக வர வேண்டும்.' வினைச்சொல் வருகிற இடத்தில் எல்லாம் அவருக்கு நாக்குத் தடக்கியது. அறைக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தது எனக்குக் கேட்டது. நான் ஒரு செபம் சொன்னேன். அவர் சைவம், பரவாயில்லை.

சிஞ்ஞோரா முழுவதையும் கேட்டாவாம். பிறகு, "இந்த வீட்டுக்காக நான் அந்த வரிசையில் நின்றேன். உனக்காக நிற்காமல் விட்டால் என் முகத்தை நான் எந்தக் கண்ணாடியில் பார்ப்பது?" என்று சொல்லிக் கோட்டை எடுத்து மாட்டினா. கெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமைக் கந்தோரில், வெளிநாட்டுக்காரர் பகுதியின் வரிசையில், கம்பளிக் கோட்டும் கைப்பையுமாக, எங்கள் சனத்துக்கு நடுவில் அவ நின்றதை நான் என் கண்ணால் கண்டேன். முட்டுவலிக்காரி, ஒரு சொல் முறுமுறுக்கவில்லை.

நத்தார்ப் பண்டிகைக்குக் கிட்ட, வவுனியாவில் இருந்து கைமாறிக் கைமாறி ஒரு செய்தி வந்தது. தாயும் பிள்ளையும் கிளிநொச்சிப் பக்கம், உயிரோடு. கோபாலசிங்கம் குசினி நிலத்தில் குந்தியிருந்து பிள்ளைபோல அழுதார். நானும் அழுதேன், பேனாட்டும் அழுதான். அன்றோடு அவன் மாடிக் கணக்குக் கேட்பதை விட்டுவிட்டான்.

பெர்மெசோ கிடைத்தது மறு ஆண்டு. அதைக் காட்டி அடையாள அட்டை எடுக்க வேண்டும், அது நகரசபையில். இந்த முறையும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வேறு கந்தோர், வேறு யன்னல், பின்னால் ஒரு இளம் பெண். பெயர் கேட்டாள், பிறந்த இடம் கேட்டாள். 'கோப்பாய்' என்பதை எழுத அவள் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம். பிறகு அவரை மேலும் கீழும் பார்த்துக் கேட்டாள்.

"எத்தனை மீற்றர்?"

கோபாலசிங்கம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"என்னையோ கேக்கிறா?" என்றார் மெல்ல.

"ஓம் அண்ணை. உங்களைத்தான்."

குதிக்காலைச் சேர்த்து நிமிர்ந்து நின்றார். "ஒன்று அறுபத்திரண்டு" என்றார். அவள் அப்படியே எழுதினாள்.

குடும்பத்தைக் கூப்பிட இன்னும் எத்தனையோ படி ஏற வேண்டியிருந்தது. தொண்ணூற்றேழில் ஒரு நாள் பலெர்மோ விமான நிலையத்தில் நாங்கள் எல்லாரும் நின்றோம். பீலிக்ஸ் கோவில் சட்டை போட்டிருந்தார். கதவு திறந்தது. யோகாம்பாள் வந்தா, வாடி மெலிந்து, படத்தில் பார்த்ததைவிட நெட்டையாக. கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை. கோபாலசிங்கம் வாங்கி வைத்த மூன்று சோடியில் ஒன்றும் அந்தக் காலுக்கு இனிப் போகாது.

பிள்ளை எங்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தது. பிறகு தாயின் சீலையை இழுத்தது. "அம்மா, அப்பா எங்கை?"

"நான்தான், குஞ்சு" என்றார் கோபாலசிங்கம். கிட்டப் போகப் பயந்து நின்றார்.

கேசிகா அவரைக் கால் முதல் தலை வரை பார்த்தாள். "இல்லை. அப்பா நெட்டை."

யோகாம்பாள் வாயைப் பொத்தினா. பேனாட் மறுபக்கம் திரும்பிக்கொண்டான். கோபாலசிங்கம் சட்டைப்பைக்குள் கையை விட்டு அடையாள அட்டையை எடுத்தார், பிள்ளைக்கு முன்னால் குந்தினார், அந்த வரியில் விரலை வைத்தார்.

"இஞ்சை பார். ஒரு மீற்றர் அறுபத்திரண்டு. உன்ரை அப்பாதான், எழுதித் தந்திருக்கினம். ஆனால் முதல் போன இடத்திலை இதைக் கேட்டுப்போட்டு, எத்தனை மாடி எண்டும் கேட்டவங்கள்."

"மாடியோ? உங்களுக்கோ?"

"ஓம். என்னை ஒரு வீடு எண்டு நினைச்சிட்டாங்கள்."

பிள்ளை அட்டையைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. தாயின் கையை விட்டு ஒரு அடி முன்னுக்கு வந்தது.

"பிறகு?" என்று கேட்டது.

கோபாலசிங்கம் பிள்ளையின் கையைப் பிடித்தார், எழும்பினார்.

"பிறகு வீட்டை போவம்" என்றார்.